செவ்வாய்ப் பனியும் தகரக் கூரையும்

முனைவர் பட்டம் முடித்த கையோடு ஓர் ஆய்வு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். நீள மேசைக்கு அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பேராசிரியர் என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பாகூர் பக்கம்னு போட்டிருக்கீங்க. அப்பா அம்மா விவசாயக் கூலி. நல்லது, கஷ்டப்பட்டு மேல வந்திருக்கீங்க. ஆனா செவ்வாய்க் கிரகத்துப் பனிய ஏன் எடுத்தீங்க? உங்க ஜனங்களுக்கு அதனால என்ன பிரயோஜனம்?"

தண்ணீர், வானிலை என்று ஏதோ சொல்லி வைத்தேன். என்ன சொன்னேன் என்று இப்போது எனக்கே சரியாக நினைவில்லை. அந்தக் கேள்வி மட்டும் ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டு வந்தவர் பெருநகரத்து டாக்டர் வீட்டுப் பிள்ளை. சனிக் கோளின் வளையங்களைப் பற்றி ஆராய்ந்தவர். வெளியே காபி குடித்துக்கொண்டே, உள்ளே என்ன கேட்டார்கள் என்று உற்சாகமாகச் சொன்னார். வளையத்தின் தடிமன் கேட்டார்களாம், துகள்களின் அளவு கேட்டார்களாம். வளையத்தால் அவருடைய ஜனங்களுக்கு என்ன பிரயோஜனம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கு ஜனங்கள் என்று தனியாக யாரும் இல்லை போலிருக்கிறது. அவர் வெறும் ஆராய்ச்சியாளர். நான் மட்டும் ஒரு கூட்டத்தின் சார்பாகத் தொலைநோக்கியில் கண் வைக்க வேண்டியவள்.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளராகச் சேர்ந்தேன். பாகூர் ஏரியைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் போய்வருகிறேன். அப்பா இப்போது இல்லை. வீட்டில் அம்மாவும் நானும். அக்கா கல்யாணமாகி அடுத்த தெருவில் இருக்கிறாள்.

நான் ஆராய்ந்தது என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பனி வெள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். வெயில் பட்டால் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். ஆனால் வெயில் வெளிச்சம் ஒன்று, சூடு வேறொன்று. உலகத்தில் உள்ள எந்தப் பொருளும், பனிக்கட்டியும்கூட, தன்னிடம் உள்ள சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கதிரைப் பார்க்கும் கண் நமக்கு இருந்தால் நம்மூர் இமயத்துப் பனி வெள்ளையாகத் தெரியாது. கரி போலத் தெரியும். அதாவது தன்மேல் விழும் அந்தக் கதிரை அது திருப்பி அனுப்பாது, விழுங்கிவிடும். எது நன்றாக விழுங்குகிறதோ அது நன்றாக வெளியேயும் விடும். வெளிச்சத்தில் வெள்ளை, சூட்டில் கறுப்பு. இந்த இரட்டைக் குணத்தை முதன்முதலாக வகுப்பில் கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

செவ்வாயின் துருவத்தில் குளிர்காலத்தில் கரியமில வாயுவே உறைந்து பனியாகிவிடும். அந்த வாயு எந்தக் குளிரில் உறையும் என்பது தெரியும். உறைய ஆரம்பித்துவிட்டால் அந்தக் குளிரிலேயே நிற்கும், அதற்குக் கீழே பெரிதாக இறங்காது. ஆனால் மேலே சுற்றிவரும் விண்கலங்களின் கருவிகள், துருவ இருட்டில் ஆங்காங்கே அதைவிடவும் குளிரான திட்டுகளைக் காட்டின. இருக்கவே முடியாத குளிர். விஷயம் என்னவென்றால், அங்கே குளிர் அதிகம் இல்லை. வானத்திலிருந்து புதிதாக விழுந்த பொடிப்பனி தன் சூட்டை வெளியே விடுவதில் சோம்பேறி. கதிர் கம்மியாக வருவதால், கருவி அதைக் குளிர் என்று எடுத்துக்கொள்கிறது. நாளாக ஆகப் பொடி இறுகிக் கட்டியாகும், கதிர் கூடும், திட்டு மறையும். அந்தப் பொய்க் குளிர்தான் என் ஆய்வு. பொடியின் பருமனுக்கும் அது விடும் கதிருக்கும் உள்ள கணக்கோடு பல வருஷம் வாழ்ந்தேன்.

வீட்டில் இதை யாரும் கேட்டதில்லை. "கம்ப்யூட்டர்ல பனி பாக்குற வேல" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்வாள். அக்கா அதையும் சொல்ல மாட்டாள். அவள் பத்தாவதில் கணக்கில் தவறி, அதற்காக ஒரு நாளும் வருத்தப்படாமல் தையல் கற்றுக்கொண்டவள். வில்லியனூருக்கு வெளியே, முன்பு கரும்பு நின்ற மனையில், பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் கொட்டகை ஒன்று வந்தபோது அதில் சேர்ந்தாள். கம்பெனி வேன் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை அள்ளிக்கொண்டு வரும். கரையாம்புத்தூரிலிருந்து, மண்ணாடிப்பட்டுப் பக்கத்திலிருந்து எல்லாம் வருவார்கள்.

கொட்டகைக்குத் தகரக் கூரை. கோடையில் மேலே சில்வர் பெயிண்ட் அடித்தார்கள். அது பளபளவென்று பைபாஸில் போகிற பஸ்ஸிலிருந்தே தெரியும். அக்கா தினமும் வேர்க்குருவோடு வந்து, நின்ற நிலையில் ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பாள். வேலை எப்படி என்று கேட்டால், "வேல வேல மாதிரி கீது" என்பாள்.

ஒரு வெயில் நாள் மதியம் கல்லூரிக்கு போன் வந்தது. அக்காவை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நான் போனபோது இடது கையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆட்காட்டி விரலில் பெரிய கட்டு. தையல் மிஷின் ஊசி நகத்தைத் துளைத்து இறங்கி, உள்ளேயே முறிந்திருந்தது. அதை எடுத்திருந்தார்கள்.

"தல சுத்துச்சுடி," என்றாள். "கண்ணு முன்னால எல்லாம் மஞ்சளா போச்சு. கைய எடுக்கணும்னு தெரியுது, கை வரல."

"கொட்டாய்ல அவ்ளோ சூடா?"

"சூடா இல்லாம ஊட்டியா? ஃபேனு போட்டா அனல்தான் அடிக்குது. போன வாரம் மண்ணாடிப்பட்டு பொண்ணு ஒன்னு விழுந்துச்சு. மோர் குடுத்து, திரும்ப உக்கார வெச்சாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் பல வருஷமாக இன்னொரு கிரகத்தின் மேற்பரப்பு எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர் என்று தசமப் புள்ளி வரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் அக்கா தலைக்கு மேலே இருந்த தகரத்தின் சூடு என்னவென்று இந்த ஊரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். அது தவறு என்று மறுநாள் தெரிந்தது. பார்த்திருக்கிறார்கள். பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டும் போயிருக்கிறார்கள்.

நேரில் வந்து சொன்னால்தான் லீவு என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். விரல் கட்டோடு அக்காவை ஸ்கூட்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். மேனேஜரின் அறை மட்டும் கான்கிரீட் தளம் போட்ட சின்னக் கட்டடம், உள்ளே ஏசி. அவர் கெட்டவர் போலப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அக்காவுக்கு நாற்காலி போடச் சொன்னார். விரலை விசாரித்தார்.

"வெயிலுக்கு நாங்க இன்னா பண்றதும்மா?" என்றார் என்னிடம். "கூரைக்கு நல்ல சில்வர் பெயிண்ட்டா அடிச்சிருக்கோம். வர்ற வெயில அப்படியே திருப்பி அனுப்பிடும். பை வாங்குற பார்ட்டி ஆள் அனுப்பி செக் பண்ணாங்க. மெஷின்லயே அடிச்சுப் பார்த்தாங்க. கூரை ஜில்லுன்னு இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க."

"இன்னா மெஷின் சார்?"

மேசை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். துப்பாக்கி போல இருக்கும், தூரத்திலிருந்தே சூடு பார்க்கும் கருவி. மோட்டார் சூடாகிறதா என்று எலக்ட்ரீசியன்கள் பார்ப்பதற்கு வைத்திருப்பார்கள். பொருள் விடும் கதிரை வாங்கி, அதைச் சூடாக மாற்றிக் காட்டும். செவ்வாயைச் சுற்றும் கருவி செய்கிற அதே வேலை.

"வாங்க, நீங்களே பாருங்க," என்று மாடிப்படி ஏறினார். அவருடைய அறையின் மொட்டை மாடியில் நின்றால் கொட்டகையின் தகரச் சரிவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கண் கூசியது. அவர் தகரத்தை நோக்கிக் கருவியை அழுத்தினார். முப்பதை ஒட்டி ஓர் எண் வந்தது. வெயிலில் நின்ற எங்கள் உடம்பைவிடக் குளிர்ச்சியான தகரம்.

"பாத்தீங்களா?" என்றார்.

பார்த்தேன். வாய்விட்டுக் கத்தலாம் போல இருந்தது. அது பொய்க் குளிர். நான் எத்தனையோ வருஷம் உட்கார்ந்து கணக்குப் போட்ட அதே பொய், வில்லியனூர் வெயிலில், ஒரு மேனேஜரின் கையில். பளபளக்கும் சில்வர் பெயிண்ட் தன் சூட்டை வெளியே விடாது. உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கதிர் கம்மியாக வருவதால் கருவி குளிர் என்று காட்டும். போதாததற்கு, மேலே இருக்கும் வானத்தின் குளிரையும் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். வெளியே விடாத அந்தச் சூடு கீழேதான் இறங்கும். கீழே என் அக்கா.

"சார், இந்தப் பெயிண்ட்டுல இந்த மெஷின் சரியா காட்டாது," என்றேன். "ஏதாச்சும் டேப் இருக்கா?"

எலக்ட்ரீசியனிடமிருந்து கறுப்பு டேப் வந்தது. தகரத்தில் ஒரு துண்டு ஒட்டி, கொஞ்சம் பொறுத்து அதை நோக்கிக் கருவியை அழுத்தினேன். எண் எகிறியது.

அவர் சிரித்தார். "கறுப்பு வெயில இழுக்கும்மா. சின்னப் பிள்ளைக்கே தெரியும்."

நியாயமான பேச்சுதான். கீழே போய் முதலுதவிப் பெட்டியிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டர் எடுத்து வந்தேன். அதை ஒட்டினேன். வெள்ளைத் துணி வெயிலை இழுக்காது. ஆனால் தனக்கு அடியில் இருக்கும் தகரத்தின் சூட்டை ஒளிக்காமல் வெளியே விடும். கருவியை வைத்தேன். அறுபதை நெருங்கியது. பக்கத்தில், ஒரு விரல் தள்ளி, பெயிண்ட்டின்மேல் வைத்தேன். மறுபடி முப்பது. ஒரே தகரம்.

"மெஷின் ரிப்பேர் போலருக்கு," என்றார்.

"அப்ப மெஷின வுட்ருங்க. தகரத்துல கைய வெச்சுப் பாருங்க சார்."

அவர் கையை வைக்கவில்லை. பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். எனக்கு அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அவருக்குத் தெரிந்திருந்தது. எந்தக் கருவியும் இல்லாமல், யாரும் சொல்லாமல், அந்தத் தகரம் சுடும் என்பது அவருடைய உள்ளங்கைக்கு எப்போதோ தெரிந்திருந்தது.

சுண்ணாம்பு அடியுங்கள் என்றேன். சுண்ணாம்பு பளபளக்காது, ஆனால் வெயிலைத் திருப்பும், இருக்கிற சூட்டையும் வானத்துக்கு விட்டுவிடும், இமயத்துப் பனி செய்வது போல. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க எங்கம்மா வேல பாக்குறீங்க?"

"காலேஜ்ல."

"பெர்மனென்ட்டா?"

"இல்ல. கான்ட்ராக்ட்."

"அப்ப உங்களுக்கே தெரியும்," என்று படி இறங்கினார். "நம்ம கைல இன்னா இருக்கு? மேல இருக்கறவங்க சொல்லணும்."

திரும்பும் வழியில், ஏரிக்கரை வந்ததும் அக்கா முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "இன்னாடி ஒட்டின மேல?"

வண்டியை ஓரங்கட்டிச் சொன்னேன். அவள் இரண்டு கேள்விதான் கேட்டாள். இரண்டும் சரியான கேள்வி. பெயிண்ட் அடிக்கும் முன்பு இதைவிட மோசமாக இருந்ததா என்பது ஒன்று. அப்போதும் சூடுதான், துரு ஏறிய தகரம் வெயிலை நிறையக் குடிக்கும், இப்போது கொஞ்சம் கம்மி, ஆனால் போதாது என்றேன். சுண்ணாம்பு அடித்தால் எவ்வளவு குறையும் என்பது மற்றொன்று. கூரை கைவைக்கிற அளவுக்கு வரும் என்றேன்.

மறுநாள் லீவு கிடைத்தும் அக்கா வேனில் ஏறிப் போனாள். சாப்பாட்டு நேரத்தில் மற்ற பெண்களிடம் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. செவ்வாயைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டாள். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் கொட்டகைக்குள் போகாமல், கேட்டை ஒட்டிய வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிட்டார்களாம். மேனேஜர் வந்து, "ஏம்மா, மணி ஆச்சு," என்று கூப்பிட்டிருக்கிறார். மண்ணாடிப்பட்டிலிருந்து வரும் அந்தப் பெண், முந்தின வாரம் விழுந்தவள், "நீங்க போய் உள்ள உக்காருங்க சார், நாங்க இங்கேர்ந்து பாக்குறோம்," என்றாளாம். சாயந்தரம் வேன் வரும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் அப்படியே. முதலாளி காரில் வந்தார். மரத்தடியில் நின்று நல்லபடியாகப் பேசிப் பார்த்தார், பிறகு வேலையைவிட்டு எடுத்துவிடுவேன் என்றார். பைகளை அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தார்கள். பசை கலந்து, சில்வருக்கு மேலேயே இரண்டு பூச்சு.

விரல் ஆறி அக்கா வேலைக்குத் திரும்பினாள். முதல் நாள் வந்ததும் கேட்டேன்.

"முன்ன அடுப்புக்குள்ள உக்காந்திருந்தோம்," என்றாள். "இப்ப அடுப்பு பக்கத்துல."

மழைக்காலம் வந்தால் சுண்ணாம்பு கழுவிக்கொண்டு போகும். மறுபடி அடிக்க வேண்டும். மறுபடி கேட்க வேண்டும். இதைச் சொன்னதற்கு, "கேக்குறோம்," என்றாள், அவ்வளவுதான். விரல் நுனியில் உணர்ச்சி இன்னும் சரியாக வரவில்லை.

என் கோபம் அதோடு தணிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. விஷயம் எப்படியோ கல்லூரிக்கு வந்துவிட்டது. முதல்வர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, இதுவரை கூப்பிடாத மரியாதையோடு உட்காரச் சொன்னார்.

"கேள்விப்பட்டேம்மா. ரொம்பப் பெருமையா இருக்கு. இப்பத்தான் உங்க பிஎச்டிக்கு ஒரு அர்த்தம் கிடைச்சிருக்கு."

வாழ்க்கையில் நான் அவ்வளவு கோபப்பட்டதில்லை. நேர்முகத் தேர்வில்கூட இல்லை. இப்பத்தான். அதாவது, அந்தத் துருவ இருட்டில் யாரும் இல்லாத இடத்தில் பொடிப்பனி விழுந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரிந்ததற்கு இதுவரை அர்த்தம் இல்லை. என் அக்காவின் நகத்தில் ஊசி இறங்கியதும் அர்த்தம் வந்துவிட்டது. சனியின் வளையத்துக்கு ஒருவருடைய விரலும் தேவைப்படவில்லை. தகரத்துக்குக் கீழே பெண்கள் வேகிறார்கள் என்று தெரிந்துகொள்ள யாரும் செவ்வாய்க்குப் போய்விட்டு வர வேண்டியதில்லை. கையை நீட்டினால் போதும். கை நீட்டாதவர்களை விட்டுவிட்டு, என் பனியிடம் வந்து கணக்குக் கேட்கிறார்கள்.

கல்லூரி விழாவில் நான் பேச வேண்டும் என்றார். கிராமத்துக்கு உதவிய விண்வெளி அறிவு என்று ஏதோ ஒரு தலைப்பும் வைத்திருந்தார். ஒப்புக்கொண்டேன். அக்காவைக் கூப்பிட்டேன், வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

நான் பனியைப் பற்றி மட்டுமே பேசினேன். துருவத்துப் பொய்க் குளிரைச் சொன்னேன். வசந்தம் வரும்போது கரியமிலப் பனி சில இடங்களில் கண்ணாடி போலத் தெளிந்துவிடுவதையும், வெளிச்சம் அதற்குள் ஊடுருவி அடியில் இருக்கும் மண்ணைத் தொடுவதையும், அதனால் கேமரா அங்கே பனியே இல்லை என்று சொல்லும்போது சூடு பார்க்கும் கருவி பனி இருக்கிறது என்று அடம் பிடிப்பதையும் சொன்னேன். அடியில் சூடேறிய வாயு பனியை உடைத்துக்கொண்டு பீறிட்டுக் கிளம்பி, கறுப்புப் புழுதியை மேலே விசிறும் படத்தைக் காட்டினேன். சனியைச் சுற்றும் ஒரு சின்ன நிலவு விழுகிற வெளிச்சத்தையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, தன் அடிப்பாகத்து வெடிப்புகளில் மட்டும் கதகதப்பாக இருப்பதைச் சொன்னேன்.

நேரம் முடியப்போகிறது என்றதும் முதல்வர் மைக்கை வாங்கினார். "அந்தக் கொட்டகை விஷயத்தையும் சொல்லுங்க மேடம். மாணவர்களுக்கு அதுதான் முக்கியம்."

"அது கம்பெனிக்காரங்க முதல் நாளே செஞ்சிருக்க வேண்டிய வேலை சார்," என்றேன். "சண்டை போட்டு வாங்கினது அங்க வேலை செய்யற பொம்பளைங்க. என் ஆராய்ச்சி இல்ல. என் ஆராய்ச்சி இப்பச் சொன்னது."

கைதட்டினார்களா என்று கவனிக்கவில்லை. அடுத்த வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா என்று தெரியாது. அன்று அதைப் பற்றி நினைக்கவும் இல்லை.

ஸ்கூட்டி ரிப்பேர் என்பதால் பாகூர் பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னலோரம் அக்கா. பஸ் கிருமாம்பாக்கத்தைத் தாண்டியது. சண்டைக்காரி என்று திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அந்தப் பனிய கைல எடுத்தா எப்டி இருக்கும்?" என்றாள்.

"எடுக்க முடியாதுக்கா. குளிர்லயே கை வெந்துடும்."

"தண்ணியா ஆவாதா?"

"ஆவாது. நேரா காத்தாயிடும்."

"ஈரமே இருக்காதா?"

"இருக்காது."

வெளியே நடவு முடிந்த வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"எப்ப பேயும்? பகல்லயா?"

"அங்க துருவத்துல குளிர்காலம் முழுக்க ராத்திரிதான். அந்த இருட்டுலதான் பேயும்."

"அப்ப யாரு பார்த்தா?"

"யாரும் கண்ணால பாக்கல. அதுலேர்ந்து வர்ற சூட்ட வெச்சுக் கண்டுபுடிச்சாங்க. நானும் அத்தத்தான் பண்ணிகிட்டிருந்தேன்."

"அவ்ளோ குளிர்லயும் சூடு வருமா?"

"வரும்க்கா. கொஞ்சமா வரும்."

"எவ்ளோ கொஞ்சம்?" என்றாள் அக்கா, என் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு.